மண்டே மாமாவும் மாடிப்படியும்

உலகத்தில் உள்ள தேகப்பயிற்சிகள் அத்தனையையும் தொடங்கி, எதையும் இரண்டாவது வாரம் எட்டிப் பார்க்காத ஒரே மனிதர் எங்கள் லக்ஷ்மிபாய் நகர் மண்டே மாமாதான். திங்கட்கிழமை தோறும் புதுப் பயிற்சி என்பதால் வந்த பெயர் அது. சொந்தப் பெயரை ஆபீசில் சம்பளம் கொடுப்பவர் மட்டும் அறிவார்.

டெல்லியில் எழுபதுகளின் கடைசி. சர்க்கார் குடியிருப்பில் அவருக்கு மேல் மாடி, அதற்கு நேர் கீழே பிரம்மசாரிகள் நாங்கள். தலைக்கு மேல் தொம் தொம் என்று கேட்டால், ஐயோ இன்றைக்குத் திங்கட்கிழமை என்று அலறியடித்துக்கொண்டு சவரத்துக்கு உட்காருவோம்.

மாமா விளையாட்டுக்காக இதில் இறங்கவில்லை. மாமிக்கு இரண்டு முழங்காலிலும் வாதம். படி இறங்க முடியாமல் வெகுகாலமாக மேலேயே அடைந்து கிடந்தாள். தரைத்தள வீடு கேட்டுப் போட்ட மனு மேஜை மேஜையாக யாத்திரை போய்க்கொண்டிருந்தது. எதிர்வீட்டு சர்தார்ஜி, நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேராகத் தூக்கி வந்துவிடலாம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். மாமி அசையவில்லை.

"வேத்து மனுஷா தூக்கி நான் இறங்கணுமா? இவர் தூக்கினா வரேன். இல்லேன்னா இங்கேயே இருந்துட்டுப் போறேன்."

இவரோ தன் தொந்தியை மேலே கொண்டு சேர்ப்பதற்குள் எங்கள் வாசலில் உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பவர். டிஸ்பென்சரி டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "உடம்பு இளைக்கணும், பலமும் ஏறணும். இப்படியே அந்தம்மாவைத் தூக்கினீங்கன்னா ரெண்டு பேரையும் ஒரே ஸ்ட்ரெச்சர்லதான் இங்க கொண்டுவருவாங்க."

எந்தப் பயிற்சியில் தொடங்குவது? மாமா பிறவிக் குமாஸ்தா. நாலு பேர் அபிப்பிராயம் கேட்காமல் குடைகூட வாங்கமாட்டார். செக்ஷனில் டீ வேளையில் விஷயத்தை வைத்தார். தண்டால் என்றார் ஒருவர், ஓட்டம் என்றார் இன்னொருவர், பட்டினி கிட என்றார் மூன்றாமவர். தலைவலி தாங்காத செக்ஷன் ஆபீசர், "எல்லாத்தையும்தான் பண்ணிப் பாருமேன்" என்று எரிந்து விழுந்தார். மாமா அதை மேலிடத்து உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

முதலில் யமுனைக் கரையில் ஒரு பயில்வான். தண்டாலும், பைட்டக் என்ற உட்கார்ந்தெழும் பயிற்சியும் சொல்லிக்கொடுத்துவிட்டு, பாதாம், பால், நெய் என்று ஆகாரமும் சொன்னார். மாமாவுக்கு ஆகாரம் மட்டும் சட்டென்று பிடிபட்டுவிட்டது. ஐ.என்.ஏ. மார்க்கெட் மளிகைக்கடைத் தராசில் ஏறி நின்றபோது கடைக்காரரே, "பாபுஜி, உதர் ஜாயியே" என்று இறக்கிவிட்டார்.

"நீங்க பண்றது மல்யுத்தமா, சம்பந்தி விருந்தா?" என்றாள் மாமி.

அடுத்த திங்கள் சுரைக்காய்ச் சாறு. வேறொன்றும் வாயில் படக்கூடாது. இளைத்தார், சந்தேகமில்லை. ஆனால் சாதக் குக்கரைத் தூக்கக்கூட என்னைக் கூப்பிட்டார். அதற்கடுத்த திங்கள், தபாலில் வரவழைத்த ஸ்பிரிங். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் மாட்டி இழுத்தார். கை வழுக்கியது. பிடி பறந்துபோய் சர்தார்ஜி வீட்டு மாங்காய் ஊறுகாய் ஜாடியைப் பதம் பார்த்தது. அதற்கடுத்த திங்கள் ஓட்டம். லோதி ரோடு வரை ஓடிப்போய், திரும்பும்போது பஸ்ஸில் வந்தார். மனுஷனுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. ஞாயிறு சாயங்காலமே கூண்டுக்குள் உலாத்துவதுபோல் பால்கனியில் உலாத்த ஆரம்பித்துவிடுவார்.

கடைசியில் மாமி பொறுமை இழந்தாள். கோடை வந்திருந்தது. டெல்லிக் கோடையில் மேல் மாடிக் குழாயில் தண்ணீர் ஏறாது. குளிர்காற்றுக்காகக் கூலரில் ஊற்றவேண்டிய தண்ணீரைக் கீழே முற்றத்துக் குழாயில்தான் பிடித்து வரவேண்டும்.

"ஏன்னா, இனிமே ஒண்ணே ஒண்ணுதான். இந்த வாளி. அரை வாளியா ஆரம்பிங்கோ. அது சுலபமானப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஜாஸ்தி. சாதத்தைக் குறைச்சுப் போடறேன், பருப்பும் மோரும் கேட்ட மட்டும் உண்டு. மூச்சு வாங்கினா நில்லுங்கோ. மண்டே, டியூஸ்டே எல்லாம் கிடையாது."

மாமா பட்ட பாடு கொஞ்சமல்ல. தூக்குவதில்கூட இல்லை, மாற்றாமல் இருப்பதில்தான். திங்கள் பிறந்தால் கை துறுதுறுக்கும். "வாளிக்குப் பதிலா குடமா வெச்சுக்கலாமாடி? பின்பக்கமா படி ஏறிப் பார்க்கட்டுமா?" என்று கீழிருந்து கத்துவார்.

"ஜல்தி வாங்கோ, கூலர் காயறது!" என்று மேலிருந்து பதில் வரும்.

தன் கூலர் நிரம்பிய பிறகு எங்கள் கூலரையும் நிரப்பினார். சர்தார்ஜி கூலரையும் விட்டுவைக்கவில்லை. படிக்கட்டுவாசிகள் நாங்கள் அந்தக் கோடையைச் சிம்லாவில் இருப்பதுபோல் கழித்தோம். மாமாவின் பேண்ட் இடுப்பில் நிற்க மறுத்தது. எங்கள் வாசலில் உட்காருவதையும் விட்டுவிட்டார். சொம்பு சும்மா இருந்தது எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

வாளி மேலே ஏறுவது, மாமி கீழே இறங்கவேண்டியவள். இந்த வித்தியாசம் மாமாவுக்கு மழைக்காலத்தில்தான் உறைத்தது. ஒத்திகைக்கு ஆள் வேண்டுமே! அப்போது நான் எலும்பும் தோலுமாக இருப்பேன். எடை போதாது என்று என் வயிற்றின்மேல் கோதுமை மாவுப் பையை வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இறங்கினார்.

"மாமா, நான் நடந்தே வந்திருதேன், விட்டிருங்க!"

"உஷ், மாமி பேசமாட்டா."

எனக்குத்தான் உடம்புக்கு ஏதோ என்று சர்தார்ஜி பதறிக் கதவைத் திறந்தார். "அரே, லட்கா பீமார் ஹை க்யா?"

"நஹி ஜி, ரிஹர்சல்!"

மேலிருந்து மாமியின் குரல்: "அத்தனை மாவா? நான் என்ன அவ்வளவு கனமா?"

"இல்லேடி, ஒரு ஜாக்கிரதைக்கு!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. மாமி அரக்குப் புடவை கட்டி, தலையில் பூ வைத்திருந்தாள். படிக்கட்டு முழுக்க ஜனம். நான் பக்கத்திலேயே இறங்கினேன், சர்தார்ஜி கீழே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். பாதிப் படியில் மாமா நின்றுவிட்டார். தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டார்.

"இறக்கிவிட்டுடுங்கோ, பரவாயில்லை" என்றாள் மாமி மெதுவாக.

"பேசாதே. பேசினா கனக்கறது."

மாமி வாயை மூடிக்கொண்டாள். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். மாமா ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தடவி இறங்கினார். புல்தரையில் போட்டிருந்த நாற்காலியில் அவளை வைத்தபோது சர்தார்ஜி அழுதுவிட்டார். மாமி அழவில்லை. அண்ணாந்து தன் வீட்டையே பார்த்தாள். "நம்மாத்துக் கூலர் இப்படியா துருப்பிடிச்சிருக்கு?" என்றாள். பிறகு ஆட்டோ பிடித்து மார்க்கெட்டுக்குப் போய், மாமா தலையில் முற்றல் முருங்கைக்காயைக் கட்டிவந்த காய்கறிக்காரனை ஹிந்தியில் ஒரு பிடி பிடித்தாள். திரும்பியதும் மாமா அவளை ஒரே மூச்சில் மேலே கொண்டு சேர்த்தார். ஏறுவதுதான் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடாயிற்றே. அதன்பின் ஞாயிறு தவறாமல் இந்த ஊர்வலம் நடந்தது.

அப்புறம்தான் சர்க்காருக்கு விழிப்பு வந்தது. தரைத்தள வீடு கிடைத்தது. சாமான்களைக் கைவண்டியில் ஏற்றிப் போனோம். எல்லாருக்கும் சந்தோஷம், மாமாவுக்கு மட்டும் முகம் தொங்கிவிட்டது. புது வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "இனிமே நான் எதைத் தூக்கறது, சொல்லு?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டோம். நடுவில் இரண்டே படி. மருந்து பிடித்து, மாமி கைத்தடி ஊன்றிக் கொஞ்சம் நடக்கத் தொடங்கியிருந்த சமயம். நிலைப்படிவரை தானே வந்தாள். படியைப் பார்த்தாள். உள்ளே உலாத்திக்கொண்டிருந்தவரையும் ஒரு தரம் பார்த்தாள். தடியைச் சுவரோரமாகச் சாத்திவைத்தாள்.

"ஏன்னா, இங்கே வாங்கோ. இந்தப் படி என்னால முடியாது போலிருக்கு."

மாமா வந்த வேகத்தைப் பார்க்கவேண்டுமே! அவர் பார்க்குமுன் அந்தத் தடியை எடுத்துக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.