மச்சினியும் ஒரு குதிகாலும்

கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்ததுமே, "ஐயோ!" என்று அலறினார் டிரைவிங் ஸ்கூல்காரர். வலது குதிகாலுக்குப் பின்னால் சுள்ளென்று குத்தியது. தடவிப் பார்த்தால் கொட்டைப்பாக்கு அளவுக்கு வீக்கம்.

வலியைவிட அவருக்கு மீசைக் கவலைதான் பெரிது. அவரிடமே கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் மச்சினிக்கு அடுத்த வாரம் லைசென்ஸ் தேர்வு. "உன் தங்கச்சி தேறலைன்னா மீசையை எடுத்துடறேன்" என்று மனைவியிடம் சவால் விட்டிருந்தார். இந்த நேரத்தில் கால் காலை வாரினால்?

மச்சினி மேல் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை. "நான் 'நிறுத்து'ன்னு வாயெடுக்கும்போதே வண்டி பூ மாதிரி நிக்கும்" என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில் அவருக்கென்றும் ஒரு பிரேக் உண்டு. "அதெல்லாம் ஆத்திர அவசரத்துக்கு" என்பார்.

"எல்லாம் அந்தப் பாழாப்போன ஷூவாலதான்," என்றாள் மனைவி.

ஷூவைக் கடாசிவிட்டுத் தட்டைச் செருப்புக்கு மாறினார். வலி கெண்டைக்கால்வரை ஏறியது.

"நல்லா இழுத்து விடுங்கண்ணே," என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர், கேட்காமலேயே.

படி விளிம்பில் நின்று குதிகாலைத் தொங்கவிட்டார். மறுநாள் அந்தப் படிகளைக் குழந்தைபோல உட்கார்ந்தே இறங்கினார். மனைவி பூரிக்கட்டையை எடுத்து வந்து உருட்டித் தேய்த்தாள். அந்தக் கூச்சல் அடுத்த தெருவுக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

தேர்வுக்கு முதல் நாள் வேறு வழியில்லாமல் பிசியோதெரபி டாக்டரிடம் போனார்.

"கெண்டைச் சதையையும் குதிகாலையும் இழுத்துக் கட்டியிருக்கிற தசைநாண் இது," என்றார் டாக்டர். "ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செஞ்சா கோவிச்சுக்கிட்டு இப்படி வீங்கும். அதைப் போய்த் தேய்ச்சு, இழுத்து... இந்தக் காலால அப்படி என்னதான் வேலை செய்றீங்க?"

"ஒண்ணுமே இல்ல டாக்டர். நாள் பூரா உட்கார்ந்துதான் இருப்பேன்."

டாக்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். குதிகாலுக்கு அடியில் சின்னத் திண்டு வைத்துக் கட்டினார். "இந்தக் கால் இனிமே எதையும் மிதிக்கக் கூடாது. வலி அடங்குறவரைக்கும் ஓய்வு."

கிளினிக் வாசலில் மச்சினி டிரைவிங் ஸ்கூல் வண்டியோடு தயாராக இருந்தாள். "ஏறுங்க அத்தான், நான் ஓட்டுறேன்."

அவர் ராஜா மாதிரி வலது காலை மடக்கி இருக்கைமேலேயே வைத்துக்கொண்டார். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. தெருமுனையில் பெரிய குப்பைத்தொட்டி.

"நிறுத்தும்மா."

"சரி அத்தான்."

வண்டி போய்க்கொண்டே இருந்தது.

"ஏய், நிறுத்து!"

"அதான் சரின்னேனே அத்தான்!"

டமார்!

தொட்டி உருண்டது. கண்ணாடிமேல் வாழைப்பழத் தோல் ஒன்று ஒட்டிக்கொண்டது. அவர் கை தானாகப் போய் மீசையைத் தடவியது.

"பிரேக்கை ஏம்மா மிதிக்கல?"

மச்சினி அவரையும், மடக்கி வைத்த காலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நானா? அது எப்பவும் உங்க வேலைதானே அத்தான்?"