படுத்தால் இறங்கும் ஆவி

மாடி முழுக்கச் செருப்பு. படிக்கட்டு முழுக்க ஆள். எல்லாருக்கும் தலைவலி. உள்ளே ஒரு மகான் தலைவலியை விரட்டுகிறார் என்று கேள்விப்பட்டதும், அதுவரை வலிக்காதவர்களுக்கும் லேசாக வலிக்க ஆரம்பித்திருந்தது.

வைத்தியம் சுலபம். இருட்டறையில் பலகைமேல் மல்லாந்து படுக்க வேண்டும். மகான் நெற்றியில் ஒரு நீலக்கல்லை வைப்பார். அரை மணி நேரம் யாரும் பேசக்கூடாது. எழுந்தால் வலி இருக்காது. வீட்டில் அரை மணி நேரம் நிம்மதியாகப் படுக்க விட்டிருந்தாலும் பலருக்கு இருந்திருக்காது. ஆனால் வீட்டில் நீலக்கல் ஏது?

அந்தக் கூட்டத்தில் ஓர் இஸ்திரிக் கடைக்காரி இருந்தாள். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் காலையில் பலமாகத் தும்மினாள். அன்றிலிருந்து நின்றால் பின்மண்டையை யாரோ கீழே பிடித்து இழுப்பதுபோல வலி, காதுக்குள் இரைச்சல். படுத்தால் பத்தே நிமிடத்தில் ஒன்றுமில்லை. நின்று செய்யும் தொழில், கடை மூடிக் கிடந்தது. படுத்தால் சரியாகிற நோயை யார் நம்புவார்கள்? வீட்டில் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்தார்கள்.

மகான் மட்டும் நம்பினார். அதுதான் அவர் தொழில்.

"தலைமேல ஒரு ஆவி உட்கார்ந்திருக்கும்மா. படுத்தா அதுக்கு இடமில்லை, இறங்கிடும். எழுந்தா ஏறிக்கும்."

"எவ்வளவு கரெக்டா சொல்றாரு பாரு!" என்று பஸ் டிரைவரான கணவன் உருகிப்போனான். அவள் சொன்னதைத்தான் மகான் திருப்பிச் சொன்னார். நடுவில் ஆவியை மட்டும் சேர்த்திருந்தார்.

ஒன்பது வாரம் கல் வைக்க வேண்டுமாம். ஸ்கேனுக்கு வாங்கிய தேதியை ரத்து செய்ய வேண்டுமாம், மெஷினைப் பார்த்தால் ஆவிக்குக் கோபம் வருமாம். தினமும் நிறைகுடத்தோடு படியேற வேண்டுமாம். ஏறினாள். மூன்றாவது வாரம் படியிலேயே வாந்தியெடுத்து, "எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சேதி கேட்டு நாத்தனார் ஓடி வந்தாள். மெத்தைக் கடையில் வேலை, யார் எதைச் சொன்னாலும் அமுக்கிப் பார்க்காமல் விடமாட்டாள்.

"அண்ணி, கல்லு இல்லாம படுத்தா வலி போகுதா?"

"போகுதே."

"கல்லோட நின்னா?"

அண்ணி யோசித்தாள். "நிக்க விட்டதே இல்லையே."

மறுநாளே இருவரும் மகானிடம் போனார்கள். அத்தனை பேர் முன்னாலும் நாத்தனார் அண்ணியை வெளிப் பெஞ்சில் படுக்கவைத்தாள். பத்து நிமிடம் போனது.

"வலி?"

"இல்லை."

"ஐயா, உங்க கல்லு உள்ளே இருக்கு. இங்க ஆவியை இறக்கினது யாரு, பெஞ்சா?"

மகான் புன்னகைத்தார். "என் பார்வை பட்டிருக்கும்மா."

"சரி, பார்வையும் படட்டும், கல்லும் இருக்கட்டும்." உள்ளே இருந்த கல்லை வாங்கிவந்து ஒரு துண்டால் அண்ணியின் நெற்றியில் கட்டி, அவர் எதிரிலேயே நிற்கவைத்தாள். கால் மணி நேரத்துக்குள் அண்ணியின் முகம் வெளுத்தது. "தாங்கலை" என்று முனகினாள்.

"அவநம்பிக்கை புகுந்துடுச்சு!" என்று கத்தினார் மகான்.

"யாருக்கு? கல்லுக்கா?"

யாரோ சிரித்தார்கள். "என்னையும்தான் டாக்டர்கிட்ட போகாதேன்னாரு" என்று ஒரு வாத்தியார் எழுந்தார். எல்லாரும் பேச ஆரம்பித்தபோது மகான் பின்படி வழியாக இறங்கிக்கொண்டிருந்தார். அவர் மேஜை டிராயரில் தலைவலி மாத்திரை அட்டைகள் இருந்தன, பாதி தீர்ந்து.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நிதானமாகச் சொன்னார். "மூளை தண்ணி மாதிரி ஒரு திரவத்துல மிதக்குது. தண்டுவடத்தைச் சுத்தி இருக்கிற உறையில கிழிசல் விழுந்தா அது கசியும். அடிபடாமலேகூட வரும். நின்னா மூளை கீழே தொய்யும், அதான் வலி."

"எங்க கிழிஞ்சிருக்கு?" என்றான் கணவன்.

"ஸ்கேன்ல பார்க்கலாம். சில சமயம் அதுலயும் தெரியாது."

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அவள் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, கசிவை அடைக்க முதுகில் ஊசியால் செலுத்தினார்கள். முதல் தடவை நிற்கவில்லை. இரண்டாவது தடவை நின்றது. அவளும் நின்றாள்.

"நீ நடிக்கிறேன்னு நானும் நினைச்சேன்" என்றான் கணவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"தெரியும். டாக்டர் கனம் தூக்கக் கூடாதுன்னாரு. அந்தத் துணி மூட்டையைத் தூக்கி உள்ளே வைங்க."

தலை வலித்தால்தான் தலை இருப்பதே நமக்கு ஞாபகம் வருகிறது. வலிக்காத நாளிலும் அதைக் கொஞ்சம் எடுத்துப் பயன்படுத்துங்கள் ஐயா, யாரும் வாடகை கேட்க மாட்டார்கள்.