ஆண்டாளம்மாளின் வாக்கிய அமைப்பு

"நிறுத்துய்யா பம்பையை! இது எங்க அக்கா இல்லை" என்றார் பேராசிரியர் தாமோதரன்.

உத்திரமேரூர் ஏரிக்கரையில் பம்பை மேளம் ஓய்ந்தது. தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்த அவர் மனைவி சொக்கம்மாள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

கல்யாணத்துக்கு முன்னால் குடும்பத்தில் செத்தவர்களை அழைத்து, புதுப்புடவை படைத்து, உத்தரவு கேட்பது வழக்கம். மகள் வளர்மதி, நெல் அறுக்கும் மெஷின் ஓட்டும் தினேஷ்குமாரைத்தான் கட்டுவேன் என்கிறாள். பட்டம் வாங்காத மாப்பிள்ளை தாமோதரனுக்கு ஆகாது. செத்துப்போன அக்கா ஆண்டாளம்மாளோ சொக்கம்மாள் மேல் இறங்கி, "பொண்ணைக் குடுத்துடுடா தம்பி. பையன் நல்லவன்" என்று சொல்லிவிட்டாள்.

"அக்கா இல்லன்னு எப்டி சார் சொல்றீங்கோ?" என்றார் பம்பைக்காரர் பாண்டியன்.

"வாக்கிய அமைப்பு! எண்ணூறு வருஷத்துக்கு முந்தின பிரெஞ்சுக் காதல் காவியத்தில் ஒரு கவிஞன் ஈரடி முடியற இடத்தில் வாக்கியத்தை முடிப்பான். இன்னொருத்தன் பாதியில் உடைச்சு அடுத்த அடிக்குத் தாவுவான். பேர் போடாத ஏட்டிலும் நான் ஆளைச் சொல்லிடுவேன். இவள் முடிக்கிறாள். எங்க அக்கா எதையுமே முடிச்சதில்லை."

"பின்ன எப்டிதான் பேசும் அந்தம்மா?"

அங்கேதான் சறுக்கினார். வகுப்பெடுத்த வாய், எடுத்துக்காட்டு தராமல் நிற்காது.

"இப்படி: டேய் தாமோதரா, நான் இன்னா சொல்றன்னா, மாட்டுக்குத் தண்ணி காட்னியா, அத்த வுடு, அந்தப் புள்ள வெயில்ல நின்னுக்கினு கீறானே..."

"அத்தையேதான்பா!" என்றாள் வளர்மதி.

பெருமையில் இன்னொன்றும் எடுத்துவிட்டார். அது முடியவில்லை. கரையில் காற்று நின்றுவிட்டது. கற்பூரச் சுடர் மட்டும் அவர் பக்கமாகச் சாய்ந்தது. நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. வாயைப் பொத்தினார். விரலிடுக்கில் பேச்சு வழிந்தது:

"மதகாண்ட வழுக்கி வுழுந்தனே, யார்கிட்டயும் சொல்லல, மெஷின நிறுத்திட்டு ஓடியாந்து தூக்கனான், பேர் கூட கேக்கல நானு, அந்தப் புள்ளதான்டா, பொண்ண அவனுக்கே..."

ஓரமாக வெயிலில் நின்றிருந்த தினேஷ்குமார் முன்னால் வந்தான். "அது எனக்கும் அந்த அம்மாவுக்கும் மட்டுந்தான் தெரியும்" என்றான்.

தாமோதரனின் தலை மெல்லச் சுழலத் தொடங்கியது.

பாண்டியன் பம்பையை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்: "சார் சொன்னது நெசந்தான் சொக்கம்மா, உன் மேல அக்கா வரல; நீ கொண்டையப் போட்டுக்கினு எழுந்து, அந்தப் பொடவைய சாருக்குக் கட்டி வுடு."