ஒரு வரியில் ஐயாயிரம் இட்லி

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். புதிதாக எதையாவது கற்றுக்கொண்டால் அன்றைக்கே அதை யார் தலையிலாவது கட்டிப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அரைகுறையாகக் கற்றதென்றால் இன்னும் அவசரம்.

மும்பையில், குர்லாவில் ஒரு சின்ன கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அங்கேதான் அந்தக் கமாண்டைக் கண்டேன். கம்ப்யூட்டரில் வெறும் கறுப்புத் திரை. ஒரு ஜன்னலில், 'இட்லி' என்ற தலைப்பில் என்ன வந்தாலும் எனக்குச் சொல் என்று ஒரு வரி தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இன்னொரு ஜன்னலிலிருந்து அதே தலைப்புக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். நடுவில் ஒரு சர்வர். எண்டரைத் தட்டியதும் செய்தி இந்தப் பக்கம் வந்து குதித்துவிட்டது! (பக்கத்து சீட்காரர் டீயைக் கொட்டிக்கொள்ளும் அளவுக்குக் கத்தினேன்.) அனுப்புகிறவருக்குக் கேட்பது யாரென்று தெரிய வேண்டாம், கேட்பவருக்கு அனுப்பியது யாரென்று தெரிய வேண்டாம். இப்படி ஒரு சுகம் உலகத்தில் உண்டா?

தலைப்பு ஏன் 'இட்லி' என்றால், தாராவியில் எங்கள் அம்மாவுக்கு இட்லி அவித்து விற்பதுதான் தொழில். பெரிய ஆர்டர் வந்தால் அவளும் இன்னும் நான்கு வீட்டுப் பெண்களும் பங்கு போட்டுக்கொள்வார்கள். யார் வீட்டுக் கொப்பரை காலியாக இருக்கிறது என்று அம்மா முட்டிவலியோடு சந்து சந்தாக நடந்து பார்த்து, உனக்கு இருநூறு, எனக்கு நூறு என்று பிரித்துவிட்டு வருவாள். அந்த நடையை ஒழித்துக்கட்டுவது என்று நான் முடிவு செய்தேன்.

ஐந்து வீட்டுக்கும் ஆளுக்கொரு பழைய போன். அதில் என் கமாண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். செய்தி வந்தால் போனே உரக்க வாசிக்கும்.

"நூறு நூறா அனுப்புவேம்மா. ஒவ்வொரு நூறும் ஏதாவது ஒரு வீட்டுக்கு மட்டும்தான் போவும். அதுவே பிரிச்சிரும்," என்றேன்.

"யாருக்குப் போச்சுன்னு எனக்கு எப்படிட்டி தெரியும்?"

"தெரியவே வேண்டாம்மா! அதுதான் இதுல விசேஷமே."

"ஒரு எட்டு போயி கேட்டுக்கிட்டா என்ன கொறஞ்சிரும்?"

குறைந்துவிடும் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஐந்து வீட்டுக்கும் போய்ச் சட்டமே போட்டுவிட்டேன்: இனிமேல் யாரும் யாரையும் கேட்கக் கூடாது, போன் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும். (இருபத்திமூன்று வயதில் ஒருத்தி கையில் சர்வரைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.)

அப்போது பார்த்து மாட்டுங்கா கல்யாண மண்டபம் ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. நிச்சயதார்த்தம், சாயங்கால டிபன், ஆயிரம் இட்லி. சமையல் காண்ட்ராக்டர் ரமணி மாமா, இது சரியாக அமைந்தால் இனி மண்டபத்து இட்லியெல்லாம் உங்களுக்குத்தான் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். பதினைந்து வருஷமாகத் தெருவோர வண்டிகளுக்கே அவித்துப்போட்ட அம்மா, இதற்காக விரதமே இருந்தாள்.

அன்று காலை ஒன்பது மணிக்கு ஆபீசிலிருந்து தட்டினேன்: 'நூறு இட்லி, நாலு மணிக்குள் மாட்டுங்கா மண்டபத்தில் சேர்க்கவும்.' இதைப் பத்து முறை அனுப்பு என்று அதே வரியிலேயே சொல்லிவிடலாம். எண்டர். பத்து செய்திகளும் சரசரவென்று பறந்தன. எழுந்து ஆடாத குறைதான். மதியமே லீவு சொல்லிவிட்டு, என் வெற்றியைக் கண்ணால் பார்க்க மண்டபத்து வாசலுக்குப் போய் நின்றேன்.

முதலில் ஒரு டாக்ஸி வந்தது. ஐந்து வீட்டுப் பெண்களில் மூத்தவளான பேச்சியம்மா அத்தை இறங்கினாள். டிக்கி, பின்சீட், மடி எங்கும் டப்பா.

"எத்தன அத்த?"

"ஆயிரமும் அவிச்சிட்டேம்ட்டி." காதருகே வந்தாள். "முழுசும் எனக்கே தந்திட்டியே தாயி! ஒருத்திகிட்டயும் மூச்சு விடல. செம்பூர்ல தங்கச்சி வீட்டு மாவையும் தூக்கிட்டு வந்துல்லா அவிச்சேன்."

ஆயிரமும் எப்படி ஒரே வீட்டுக்குப் போகும் என்று யோசிப்பதற்குள் ஒரு டெம்போ வந்தது. இரண்டாவது வீடு, ஆயிரம் இட்லி. பின்னாலேயே ஒரு கைவண்டி, அப்புறம் இன்னொரு டாக்ஸி. ஆயிரம், ஆயிரம்.

விஷயம் அப்போதுதான் உறைத்தது. ஐந்து போனுக்கும் பொதுவாக ஒரு குழுப்பெயர் கொடுத்திருந்தால்தான் ஒவ்வொரு செய்தியும் யாராவது ஒருவருக்கு மட்டும் போகும். இல்லாவிட்டால் எல்லாச் செய்தியும் எல்லாருக்கும் போகும். அந்தப் பெயரைத்தான் நான் எழுத மறந்திருந்தேன். ஒரே ஒரு போனை வைத்துச் சோதித்துப் பார்த்தவளுக்கு அது எப்படித் தெரியும்?

கடைசியாக அம்மா வந்தாள், அவளும் ஆயிரத்தோடு. மற்ற நால்வரையும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எனக்கு மட்டும்னுல்லாட்டி நெனச்சேன்," என்றாள்.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை, கூசிப்போய் நின்றாள். பெற்ற மகள் தனக்கென்று ஒதுக்கித் தந்துவிட்டாள் என்று நாள் முழுக்கச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். அதை மற்றவர்களிடம் மறைத்தும் இருக்கிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ரமணி மாமா வெளியே வந்து டப்பாக்களைப் பார்த்து இடுப்பில் கைவைத்தார். "என்னடிம்மா இது? வரப்போறது முந்நூறு பேர். தலைக்குப் பதினாறு இட்லியா?"

நான் சர்வர், குழுப்பெயர் என்று விளக்க ஆரம்பித்தேன். யாருக்கும் புரியவில்லை. பேச்சியம்மா அத்தைதான் திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "ஏளா, அஞ்சு பேருல ஒருத்தியாவது வாயத் தொறந்திருக்கலாம்லா! எல்லாவளும் கள்ளிங்க!" அவ்வளவுதான், ஐந்து பேரும் மண்டபத்துப் படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அம்மாவும்தான்.

மாமா ஒவ்வொரு வீட்டு டப்பாவிலிருந்தும் ஒன்றை எடுத்துத் தின்றார். ஐந்தும் ஒரே பதம், பஞ்சு. "அரை நாள்ல அஞ்சாயிரமா!" என்று அம்மாவைப் பார்த்தார். "அடுத்த முகூர்த்தத்துலேர்ந்து எல்லாம் உங்களுக்குத்தான். ஆர்டரை உங்ககிட்ட நானே சொல்றேன். இந்தப் பொண்ணு நடுவுல வரப்படாது." மிச்சம் நாலாயிரத்தை மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் வைத்து நாங்களே விநியோகித்தோம். அன்று டோம்பிவிலி லோக்கல் ரயிலில் நிற்க இடம் கிடைக்காதவர்கள்கூடக் கையில் இட்லியோடுதான் நின்றார்கள்.

குழுப்பெயரை மறுநாளே சேர்த்துவிட்டேன். மாமா அம்மாவிடம் சொல்ல, அம்மா என்னிடம் சொல்ல, இன்றுவரை ஒரு பிழை இல்லாமல் ஓடுகிறது. ஆனால் போன் வாசித்து முடித்ததும் ஐந்து பேரும் வெளியே வந்து, "எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?" என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பார்கள். நான் சேலை வாங்கிக் கொடுத்தாலும் அதே கேள்விதான்.

போன வருஷம் எனக்குக் கல்யாணம். கெட்டிமேளம் முழங்க, மாப்பிள்ளை தாலியோடு குனிந்த நேரத்தில் பின்னாலிருந்து பேச்சியம்மா அத்தை குரல் கொடுத்தாள்: "மாப்ள, இவ சம்மதம்னு சொன்னது ஒங்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமான்னு கேட்டுக்கிட்டீங்களா?"

அந்த மனிதர் நிஜமாகவே கையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு மட்டும்தான்," என்று காதோடுதான் சொன்னேன். ஐயர் மாட்டியிருந்த மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது.