குதிரை பொருந்தாத துப்பாக்கி

'தெரியாது' என்ற சொல் எனக்கு இன்றுவரை நேரத்துக்கு வாயில் வந்ததில்லை.

அப்போது நான் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் டிரெய்னி. வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம். சுதந்திர தின விழாவுக்கு ஆள் தேடிய ஹெச்.ஆர். மேடம், "நீங்க கோவில்பட்டிப் பக்கம்தானே? பாளையக்காரர் போர்ல ஆயுதம் எப்படிச் செஞ்சாங்கன்னு பேசுங்களேன்" என்றார்.

"பேசிருவோம் மேடம்!" (எங்கள் ஊர்த் தயாரிப்பில் எனக்குத் தெரிந்தது கடலைமிட்டாய் மட்டும்.)

நாலு நாள் படித்ததில் ஒன்று பிடிபட்டது. கொல்லர்கள் அரம் பிடித்துக் கையால் ராவிச் செய்த துப்பாக்கிகளில் ஒன்றின் உறுப்பு இன்னொன்றில் பொருந்தாது. அச்சடித்தாற்போல ஒரே அளவில் செய்யும் வித்தை தொழிற்சாலைகளோடு வந்தது. இதை மேடையில் செய்தே காட்டுவது என்று முடிவெடுத்தேன்.

டூல் ரூமில் வேலை பார்த்த மணிமங்கலத்து ஏழுமலை அண்ணன் நாலு மரத் துப்பாக்கி செய்து தந்தார். துப்பாக்கியின் விசைக்குக் குதிரை என்று பெயர். இரண்டுக்கு மெஷினில் வெட்டிய குதிரை, இரண்டுக்குக் கையால் ராவியது. எதற்கு என்று அவரிடம் சொல்லவில்லை. (நிபுணர்கள் விளக்கம் சொல்ல மாட்டார்களாம்.)

விழாவில் பிளான்ட் மேனேஜர் முன்வரிசையில். "மெஷின்ல செஞ்சது எதுலயும் பொருந்தும், பாருங்க!" என்று குதிரையை மாற்றி அழுத்தினேன். போகவில்லை. தட்டினேன். மேஜைதான் ஆடியது. "சரி, கையால செஞ்சது பொருந்தவே பொருந்தாது!" என்று அடுத்ததை வைத்தேன். டக்கென்று உட்கார்ந்தது. கூட்டம் கைதட்டியது. இடம் மாற்றி வைத்துவிட்டேனா? எது மெஷின், எது கை? எனக்கே குழம்பிவிட்டது.

ஓரத்தில் நின்ற அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"இன்னாபா முழிக்கிற? கையால செஞ்ச ரெண்டும் மாத்தினா சேரல. நேத்து நாந்தான் ராவி சரி பண்ணேன்" என்றார் பெருமையாக.

"அப்போ மெஷின்ல செஞ்சது?"

"அதுக்கு நீ மூணு கோட்டு பெயிண்ட் அடிச்சிகீற. எப்டிப் பூரும்?"

பளபளவென்று இருக்கட்டுமே என்றுதான் அடித்தேன். மைக் எல்லாவற்றையும் வாங்கி ஒலிபரப்பிக்கொண்டிருந்தது.

மேனேஜர் எழுந்தார். "இதையெல்லாம் செக் பண்ணி ஓகே சொன்னது யாரு?"

"நான்தான் சார். தரப் பரிசோதனை."

வேலை நிரந்தரமானது. பேக்கிங் பிரிவில்.

போன வாரம் படப்பை வீட்டில் குழாயைக் கழற்றி மாட்டினேன். தண்ணீர் சீலிங்கில் அடித்தது. வாளியோடு ஓடிவந்த என் மனைவி மகளிடம் சொன்னாள்: "அந்தக் காலத்துல உங்கப்பா கொல்லரா இருந்திருந்தா, வெள்ளைக்காரன் சண்டையே போட்டிருக்க வேணாம்டி."