எடைக்கு எடை சவுக்குக் கட்டை

நாலு கால் பிராணிகளை முழுக்க நம்பி, இரண்டு கால் பிராணிகளை முழுக்கச் சந்தேகித்து வாழ்ந்தவர் என்று சென்னைப் பட்டணத்தில் ஒருவரைச் சொல்லலாம் என்றால், அவர் எங்கள் டிரில் மாஸ்டர்தான். பால்காரனைச் சந்தேகிப்பார். தபால்காரனைச் சந்தேகிப்பார். லஸ் முனையில் யாராவது மணி சொன்னால், அவர் கையைப் பிடித்து இழுத்துக் கடிகாரம் ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்ப்பார். தம் ஆயுளில் அவர் மனதார நம்பிய இரண்டு கால் பிராணி ஒன்றே ஒன்று. அது நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. சாந்தோம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஒரு பள்ளிக்கூடத்தில் பையன்களைக் கையைத் தூக்க வைத்தும் இறக்க வைத்துமே கிழவரானவர். ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியதும் டிரில் சொல்லப் பையன்கள் இல்லை. நாய்களைப் பிடித்துக்கொண்டார். கால் பிசகிய நாய், மூட்டு வீங்கிய நாய், எழுந்திருக்க முனகும் கிழட்டு நாய் எல்லாம் அவரிடம் வரும். காக்கி அரைக்கால் சட்டையும் கழுத்தில் விசிலுமாக அவற்றை வரிசையில் நிறுத்தி, "அட்டென்ஷன்!" என்பார். நாய்கள் உட்காரும். "கரெக்ட்!" என்பார்.

யுத்த காலம் அது. சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரி தன் அல்சேஷன் நாயை என் பெரியப்பாவிடம் விட்டுப் போனார். பெரியப்பா ஓய்வு பெற்ற ஜில்லா ஜட்ஜ். தீர்ப்புச் சொல்லும் பழக்கம் மட்டும் அவரிடமிருந்து ஓய்வு பெறவில்லை. மயிலாப்பூரில் ஆசாரமான வீட்டில் நாயா என்று உறவினர்கள் முகம் சுளித்தார்கள். துரை கொடுத்த நாய் என்று தெரிந்ததும் சுளித்த முகங்கள் நிமிர்ந்தன. நாயின் பெயர் டியூக்.

டியூக்கின் முன்பாதி கலெக்டர் மாதிரி நடந்து வரும். பின்பாதி, அவர் பின்னால் மனுவோடு ஓடிவரும் கிழவன் மாதிரி தள்ளாடிக்கொண்டு வரும். வேப்பேரியிலிருந்து வந்த மாட்டு டாக்டர் பின்காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். இடுப்புக் கிண்ணம் ஆழமில்லாமல் பிறந்துவிட்டது, தொடை எலும்பின் உருண்டை அதில் சரியாக உட்காராமல் நழுவி நழுவி உரசுகிறது, அதுதான் வலி என்றார். கிண்ணத்தை மாற்ற முடியாது. உடம்பு இளைக்க வேண்டும், தரை வழுக்கக் கூடாது, இடுப்புக்குச் சூடு வேண்டும், நடை அளவாக இருக்க வேண்டும். அப்படியும் வலி பொறுக்க முடியாமல் போனால் ஒரு ஊசி போட்டு நிம்மதியாக அனுப்பிவிடலாம்.

பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் சொன்ன ஊசியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார். டிரில் மாஸ்டரைக் கூப்பிட்டனுப்பித் தீர்ப்பைப் படித்தார்.

"விஜயதசமிக்குள்ள இது தானா வாசப்படி ஏறி வந்துடணும். வரலைன்னா அந்த ஊசியைப் போட்டுடச் சொல்லிடுவேன். வலியோட வெச்சிண்டிருக்கறது மகா பாவம்."

"படி ஏறுவான் ஐயா. ஏறி உங்களுக்கு சல்யூட்டே அடிப்பான்" என்றார் மாஸ்டர்.

மறுநாளே வீடு பாசறையாகிவிட்டது. வழவழவென்று தேய்த்து வைத்திருந்த சிமெண்ட் தரை முழுவதும் கோணிச் சாக்கு விரித்தார். ஆமணக்கு இலையை வாட்டி இடுப்பில் போட்டு, வறுத்த உப்பை மூட்டை கட்டி ஒத்தடம் கொடுத்தார். பின்கால்களுக்குத் தாங்கல் வேண்டும் என்று வயிற்றுக்கு அடியில் ஒரு துணியைக் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே தூக்கிப் பிடித்தபடி கச்சேரி ரோட்டில் கொஞ்ச தூரம் நடத்திக்கொண்டு போனார். அது பெரியப்பாவின் ஜரிகை அங்கவஸ்திரம் என்பது எதிரில் வந்த ரிட்டையர்டு சப்-ஜட்ஜ் ஒருவர் அடையாளம் கண்டு சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"கொடியில காஞ்சிக்கினு இருந்துது ஐயா. மெத்துனு இருந்துது. அவனுக்கு உறுத்தக் கூடாது பாருங்க" என்றார் மாஸ்டர். மன்னிப்புக் கேட்கிற தொனி அதில் துளியும் இல்லை.

கடல் தண்ணீரில் நடந்தால் உடம்பின் பாரம் மூட்டில் இறங்காது என்பது அவர் கண்டுபிடிப்பு. ஆனால் கடல்வரை நடந்தால் இடுப்பு போய்விடும். எனவே டியூக் ரிக்ஷாவில் போகும், மாஸ்டர் பக்கத்தில் நடப்பார். முதல் நாள் ரிக்ஷாக்காரன் ஏர்க்காலைக் கீழே போட்டுவிட்டான்.

"இன்னா வாத்யாரே, அக்குறும்பா கீதே! நாயி குந்திக்கினு வரணும், நா இஸ்துக்கினு போவணுமா?"

"அவனுக்கு இடுப்புல நோவு கீது. உனக்கு கீதா?"

"எனக்குந்தான் கீது!"

"அப்போ நீயும் தண்ணில எறங்கு. வா."

மாஸ்டர் சொன்னால் சொன்னதுதான். சாந்தோம் கடற்கரையில் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு அல்சேஷனும் ஒரு ரிக்ஷாக்காரனும் "லெப்ட் ரைட்" போட்டதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு வாரத்தில் ரிக்ஷாக்காரன், "நெசமாத்தான் நைனா, நோவு கொறஞ்சிகினு வருது" என்றான். டியூக்கும் சுவரில் சாயாமல் எழுந்து நிற்க ஆரம்பித்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம் இளைப்பது. அரைவயிறு கேழ்வரகுக் கூழும் வேகவைத்த பூசணிக்காயும்தான் டியூக்குக்கு என்று மாஸ்டர் உத்தரவு போட்டார். அரிசிக்கு ரேஷன் வந்திருந்த நேரம், பெரியப்பா ஆனந்தமாகச் சம்மதித்தார். சரி, இளைக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? மந்தவெளி விறகுத் தொட்டியில் பெரிய தராசு இருந்தது. ஆனால் படிக்கல்லை மாஸ்டர் நம்பவில்லை. அடியில் குடைந்திருப்பானாம். டியூக்கை ஒரு தட்டில் ஏற்றி, மறு தட்டில் தாமே பொறுக்கிய சவுக்குக் கட்டைகளை அடுக்கச் சொன்னார்.

"இன்னா மாஸ்டர், கட்டைக்கு நாயா, நாய்க்குக் கட்டையா? வெல எதுக்குப் போடட்டும்?" என்று தொட்டிக்காரர் சிரித்தார்.

"பேசாத, நிறு."

தட்டுகள் சமமானதும் அந்தக் கட்டைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, சுண்ணாம்பால் சிலுவைக் குறி போட்டு, தொட்டி மூலையில் வைத்தார். இனி சனிக்கிழமைதோறும் நிறுவை. கட்டு கீழே இறங்க வேண்டும், நாய் மேலே போக வேண்டும்.

நாய்தான் கீழே இறங்கியது.

"கட்டுலேர்ந்து கட்டைய உருவிட்டியா?" என்று தொட்டிக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, உங்க மாதா மேல சத்தியமா இல்ல மாஸ்டர்!"

"எங்க மாதாவ வுட்டுடு. உங்க கபாலி மேல பண்ணு, பாப்போம்."

தொட்டிக்காரர் பண்ணினார். மாஸ்டர் அடுத்துச் சமையல்காரரைச் சந்தேகித்தார், பால்காரரைச் சந்தேகித்தார், தோட்டத்து மாமரத்திலிருந்து விழும் பழங்களைக்கூடச் சந்தேகித்தார். கூழை இன்னும் குறைத்தார். என்னை மட்டும் சந்தேகிக்கவில்லை.

சோறு போட்டது நான்.

நான் அப்போது பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் பெரியப்பா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அங்கே யாரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததுதான் என்னை உறுத்தியது. தினம் மத்தியானம் பெரியம்மா கொடுக்கும் அடையையும் வெண்ணெயையும் எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பின்னால் போவேன். டியூக் காத்திருக்கும். அந்த வீட்டில் என்னிடம் எதையாவது எதிர்பார்த்த ஒரே ஜீவன் அது. ஊட்டிவிடுவேன். பிறர் சோற்றில் இருக்கிறவனுக்கு ஒருவருக்குச் சோறு போடுவதில் இருக்கும் போதை வேறு எதிலும் இல்லை. அதற்கு அன்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மாஸ்டர் தராசின் அருகே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தம்பி, நீ சயன்ஸ் படிச்சவன். நீ சொன்னா நா நம்புவேன். நா எங்க தப்பு பண்றேன்?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் படித்ததைச் சொன்னேன்.

"பச்சைக் கட்டை, மாஸ்டர். வெயிலுக்கு ஈரம் வத்தி எடை கொறைஞ்சுடும். கட்டை இளைச்சுடுத்து."

அது பொய்யல்ல, அதுதான் கொடுமை. கட்டையும் காய்ந்திருந்தது, நாயும் பெருத்திருந்தது. நான் ஒரு பாதியைச் சொல்லி மறு பாதியை மறைத்தேன். மாஸ்டர் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார். "பாத்தியா! நம்ப பையன் எளைச்சிக்கினுதான் கீறான்! கட்டை நம்பள ஏமாத்திக்கினு இருந்துது!" என்று தொட்டிக்காரரிடம் கத்தினார். மனிதர்களைச் சந்தேகித்து அலுத்தவருக்கு, குற்றவாளி ஒரு கட்டை என்று தெரிந்ததில் எவ்வளவு சந்தோஷம்!

அன்றிலிருந்து டிரில்லைக் கூட்டினார். இளைத்த நாய் தாங்கும் என்று கணக்கு. செங்கல் அடுக்கிச் சின்னச் சின்னப் படிகள் கட்டி ஏற்றி இறக்கினார். பெருத்த உடம்பு அந்த ஆழமில்லாத கிண்ணத்தின்மேல் ஏறி ஏறி இறங்கியது. சாயங்காலங்களில் டியூக் தன் இடுப்பைத் தானே கடித்துக்கொள்ளும். மாஸ்டர் கூடுதலாக ஒத்தடம் கொடுப்பார். நான் கூடுதலாக ஓர் அடை கொடுப்பேன். நவராத்திரி வந்ததும் சுண்டலும் சேர்ந்துகொண்டது.

விஜயதசமியன்று கொலுவுக்கு வந்தவர்கள் எல்லோரும் முற்றிலும் வேறொரு வேடிக்கைக்காக வாசலில் கூடினார்கள். பெரியப்பா படிகளுக்கு மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கஞ்சி போட்ட காக்கியில் மாஸ்டர் வந்து விசில் ஊதினார்.

"டியூக்! பார்வர்ட்!"

முதல் படியில் ஏறியது. அடுத்த படியிலும் பின்கால் நடுங்க நடுங்க ஏறியது. அப்போது நான், வந்தவர்களுக்குக் கொடுப்பதற்காகச் சுண்டல் தட்டோடு பெரியப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றேன். டியூக் என்னைப் பார்த்தது. மத்தியானம் கொட்டகைப் பின்னால் பார்க்கிற அதே பார்வை. பாய்ந்தது.

பின்கால்கள் வழுக்கி, இடுப்பு கல்லில் அடித்து உருண்டது. அப்படி ஒரு குரலை ஒரு நாயிடமிருந்து நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. தட்டு என் கையிலிருந்து விழுந்தது. கீழே கிடந்தபடியே டியூக் தன் பக்கம் உருண்டு வந்த சுண்டலை நக்கியது. தீர்ந்ததும் இன்னும் இருக்கிறதா என்று என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. யாரோ சிரித்தார்கள்.

மாஸ்டர் முழங்காலிட்டு அதன் விலாவைத் தடவினார். அவர் விரல்கள் எலும்பைத் தேடுவதும், கிடைக்காமல் கொழுப்பில் அமிழ்வதும் எனக்குத் தெரிந்தது.

"எளைச்சிருக்குன்னு சொன்னேளே? என்னை ஏமாத்தினேளா, இல்லே நாயை ஏமாத்தினேளா?" என்றார் பெரியப்பா.

"தப்பு என்னுது ஐயா" என்றார் மாஸ்டர்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் பெரியப்பா என்னை வீட்டைவிட்டு அனுப்பியிருக்க மாட்டார். கூட்டத்தின் எதிரில் ஒரு வார்த்தை திட்டியிருப்பார், அவ்வளவுதான். ஒரு வார்த்தைக்குப் பயந்து ஒரு மனிதரின் பெயரையும் ஒரு நாயின் உயிரையும் கொடுத்தேன்.

டாக்டர் மறுநாள் வந்தார். மாஸ்டர் டியூக்கின் தலையை மடியில் வைத்துக்கொண்டு காதைத் தடவினார். ஊசி இறங்கும்போது, அதுவரை நான் கேட்டிராத சின்னக் குரலில், "ஸ்டாண்ட் அட் ஈஸ்" என்றார்.

ஜட்ஜ் வீட்டு நாயைக் கெடுத்தவர் என்ற பேச்சு ஆழ்வார்பேட்டை வரை போயிற்று. அவரிடம் நாய் விட யாரும் வரவில்லை. ரிக்ஷாக்காரன் மட்டும் தன் இடுப்புக்காகக் கடலுக்கு வந்துகொண்டிருந்தான்.

சில மாதம் கழித்து எனக்கு வேலை கிடைத்தது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் சாந்தோமுக்குப் போனேன். மாஸ்டர் வீட்டு வாசலில் ஒரு பெரிய கருங்கல் கிடந்தது. கடற்கரையிலிருந்து அவரே உருட்டி வந்ததாம். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா தம்பி! நீ சொன்னதயே யோசிச்சிக்கினு இருந்தேன். அந்தக் கட்டைதான் நம்பளக் கவுத்துட்ச்சி. அடுத்த பையன் வந்தா இத்த வெச்சித்தான் நிறுக்கப்போறேன். நீ படிச்சவன், சொல்லு. கல்லு காயாதுல்ல?"

குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தேன்.

"காயாது, மாஸ்டர்" என்றேன்.

அவரிடம் நான் முழுதாகச் சொன்ன உண்மை அது ஒன்றுதான். அடுத்த பையன் வரவேயில்லை. அந்தக் கல் கடைசிவரை வாசலில் அவர் உட்காரும் ஆசனமாக இருந்தது.

எனக்கும் இப்போது இடுப்பு வலி. காலையில் தடியூன்றி நடக்கும்போது தெருநாய் ஏதாவது பின்காலை இழுத்துக்கொண்டு எதிரே வந்தால், கையில் இருக்கும் பிஸ்கட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறேன். அது போகும் வரை நின்று, யாருக்கும் கேட்காமல், அதன் நடைக்கு ஏற்றபடி மெதுவாக "லெப்ட்... ரைட்..." சொல்கிறேன்.