கிளாட்வினைக் கொழுக்கவைக்க வந்தவர்கள்

நம் தூத்துக்குடியில் ஓர் இனம் உண்டு; ஒல்லியான ஆளைக் கண்டால் அதற்குக் கை நமநமவென்று அரிக்கும். உடம்பைத் தேற்றிவிடக் கிளம்புகிற அவர்களுக்குத் தேற்றுநர் என்று பெயர் வைத்திருக்கிறேன். அஞ்சாம் வகுப்பைத் தாண்டாத நான் வைத்த பெயர்தான். ஆனால் மூட்டை சுமந்தே சொந்தத் தோணி வாங்கியவன் ஆளை எடைபோட்டால் பிசகுமா?

புதுத் துறைமுகம் திறந்த வருஷம். எங்கள் தெரு பிளாரன்சின் மகன் கிளாட்வினுக்கு சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்ற பிறவி நோய். நெஞ்சில் சளி கட்டும். கணையச் சாறு இறங்காததால் தின்றது செரிக்காமல் வெளியே போய்விடும். அடைமழை தொடங்குமுன் இரண்டு கிலோவாவது ஏறாவிட்டால் அடுத்த சளியைத் தாங்கமாட்டான் என்று மெட்ராஸ் டாக்டர் சொல்லிவிட்டார். நிறையச் சாப்பாடு, ஒவ்வொரு வேளையும் கூடவே அந்தச் சாற்றின் வேலையைச் செய்யும் செரிமானப் பொடி.

தேற்றுநர் விடுவாரா? ஒருவர் சுறாப்புட்டு, ஒருவர் கழுதைப்பால், ஒருவர் வடித்த மீனெண்ணெய் என்று வாசலை அடைத்து நின்று, "பொடியை மட்டும் தொடாதல, சத்தைச் சுட்டுரும்" என்று ஓதி, அத்தனையையும் புகட்டி, இரண்டு செம்பு தண்ணீரும் குடிக்கவைத்து, பையனை உப்பு மூட்டை நிறுக்கும் கிட்டங்கித் தராசில் ஏற்றி, "ஏறிட்டுல்லா!" என்று கை தட்டுவார்கள். ஏறியது தண்ணீர். மறுநாள் வயிறு நொந்து பையன் இன்னும் இளைப்பான்.

இனத்தின் தலைவர் கருப்பட்டிக் கடை செல்வதுரை. கரண்டியை நட்டால் நிற்கிற உளுந்தங்கஞ்சியோடு ஒருநாள் வந்தார். பிளாரன்ஸ் அதை ஆறவைத்துப் பொடியைக் கலந்தாள். கொஞ்ச நேரம் போனது. கரண்டி சாய்ந்தது. கஞ்சி நீர்த்து ஓடியது.

"ஏளா, என் சத்தையெல்லாம் கொன்னுட்டியே!"

"கொல்லல அண்ணாச்சி. இவன் வயித்துல நடக்காதது கிண்ணத்துல நடக்கு. இதைத்தான மாசக்கணக்கா கத்துதேன்!"

"அப்ப நான் தண்ணியாவே கொண்டாந்திருப்பேனே?"

"எம்மா, அண்ணாச்சிக்கும் ஒரு கரண்டி பொடி குடு," என்றான் கிளாட்வின். "சொல்லுத எதுவும் அவருக்குச் செரிக்க மாட்டேங்கு."

அன்று முதல் யார் எதைக் கொண்டுவந்தாலும் பிளாரன்ஸ் வாங்கிக்கொள்வாள். பொடி போடாமல் ஒரு வாய் உள்ளே போகாது. மழை பிடிப்பதற்குள் இரண்டு கிலோ ஏறிவிட்டது, தண்ணீர் குடிக்காமலே. செல்வதுரை இப்போது கடையில் என்ன சொல்லுகிறார் தெரியுமா? "எல்லாம் நம்ம கஞ்சிதாம்ல!"

சிரிக்கிறீர்கள். இதை வாசிக்கும்போதே பையனுக்கு ஒரு பண்டம் உங்கள் மனசிலும் வந்து நின்றிருக்குமே? கொண்டுபோங்கள், தடையில்லை. பிளாரன்ஸ் அதில் பொடியைக் கலக்கி முடிக்கும்வரை மட்டும் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள்.